பரிசோதனையா, பகிடியா? பழைய கேம் இசைப் போட்டிப் பாட்டுகளை எப்படிக் கேட்பது

பழைய வீடியோ கேம் பெட்டிகளின் சத்தத்திலேயே இன்றைக்கும் ஆட்கள் புதுப் பாட்டுச் செய்து போட்டி போடுகிறார்கள். அப்படி ஒரு போட்டியின் பாட்டுகளை வரிசையாகப் போட்டுக் கேட்டால், முதல் சில பாட்டுகள் சுகமாகப் போகும், நல்ல மெட்டு, துள்ளல் தாளம், அப்புறம் திடீரென்று ஒன்று வரும், மூன்று நிமிடம் முழுக்க டிக் டிக் என்று சொடுக்குச் சத்தம் மட்டும். அதற்கு அடுத்தது எல்லாருக்கும் தெரிந்த ஒரு கேம் பாட்டு, ஆனால் ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் பிசகி. இரண்டுமே வித்தியாசமாக இருக்கின்றன, ஆனால் ஒன்று பரிசோதனை, மற்றது பகிடி. எது எது என்று எப்படிச் சொல்வது?

இப்போது இதை எழுதக் காரணம், மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் போனிலும் லப்டொப்பிலும் பீட் போடுகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதில் சிலர் இந்தப் பழைய கேம் சத்தத்தின் பக்கமும் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு போட்டியின் பாட்டுகளைக் கேட்டுவிட்டு 'இதென்ன விசர்ச் சத்தம், இதுக்கும் ஆக்கள் புள்ளி போடுறாங்களா' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1983இல் நின்டெண்டோ ஜப்பானில் ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியை வெளியிட்டது. மற்ற நாடுகளில் அது என்.இ.எஸ். எங்கள் ஊர்களில் ரீவியில் கொழுவி கசெட் மாற்றி மாற்றி விளையாடிய பெட்டிகளில் பல அதன் நகல்கள்தான், அதனால் பெயர் தெரியாவிட்டாலும் சத்தம் தெரிந்திருக்கும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ரிக்கோ 2ஏ03 என்ற சிப்புக்கு ஐந்தே ஐந்து குரல், அதாவது ஒரே நேரத்தில் ஐந்து சத்தம்தான். இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், கடைசியாக டிபிசிஎம் என்கிற, பதிவு செய்த சின்னச் சின்னச் சத்தங்களை வாசிக்கும் குரல். அவ்வளவுதான். சதுர அலைக்குச் சத்த அளவு 0 தொடங்கி 15 வரை பதினாறு படி. முக்கோணத்துக்கு அதுவும் கிடையாது, ஒன்றில் ஒலிக்கும், இல்லாவிட்டால் ஒலிக்காது.

இந்தச் சிப்புக்கோ, 1982இல் வந்த கொமடோர் 64இன் சிட் சிப்புக்கோ, 1989இல் வந்த கேம்போயின் சிப்புக்கோ இன்றைக்குப் புதிதாகப் பாட்டு எழுதிப் போட்டிக்கு அனுப்புவதுதான் விஷயம். ஆட்கள் இதைக் 'காம்போ' என்பார்கள். ஐரோப்பாவில் டெமோசீன் என்றொரு பெரிய கூட்டம் இருக்கிறது, கொம்பியூட்டரைக் கொண்டு படமும் இசையும் செய்து ஓரிடத்தில் கூடிப் போட்டி போடுகிறவர்கள். பின்லாந்தின் அசெம்பிளி 1992இல் தொடங்கியது, ஜெர்மனியில் ஈஸ்டர் விடுமுறையில் ரிவிஷன் நடக்கிறது. பின்லாந்து 2020இலும் ஜெர்மனி 2021இலும் டெமோசீனைத் தங்கள் நாட்டுப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தன, எங்கள் கூத்தைப் பற்றி நாங்கள் பேசுகிற அதே மரியாதையோடு. அதைவிட இணையத்தில் மட்டும் நடக்கிற போட்டிகளும் உண்டு, ஃபேமிகாம் சிப்புக்கென்றே நடந்த ஃபேமிகாம்போ மினி மாதிரி. சொந்த மெட்டு ஒரு பிரிவு, தெரிந்த பாட்டை மறுபடி செய்வது இன்னொரு பிரிவு. பெரிய டெமோசீன் கூட்டங்களில் 'வைல்ட்' என்றொரு பிரிவும் இருக்கும், மற்ற எந்தப் பிரிவுக்குள்ளும் அடங்காதது எல்லாம் அதற்குள் போகும். பல போட்டிகளில் வாக்கு முடியும் வரை யார் செய்தது என்ற பெயரைக் காட்டமாட்டார்கள். கேட்கிறவருக்குத் தலைப்பும் சத்தமும்தான் கையில் இருக்கும்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். பரிசோதனைப் பாட்டு என்றால் காதுக்குப் புதிதாக, விநோதமாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது போதாது. பரிசோதனைப் பாட்டுக்குள் ஒரு கேள்வி இருக்கும். இந்தச் சிப்பால் இதைச் செய்ய முடியுமா, இப்படிச் செய்தால் காது என்ன செய்யும், இந்தக் குறையை வைத்தே ஒரு பாட்டை நிறுத்தலாமா என்கிற மாதிரி. அந்தக் கேள்விக்குப் பாட்டே விடை தேடிக்கொண்டு போகும். விடை கிடைக்காமலும் போகலாம், அது வேறு கதை.

மேலே சொன்ன டிக் டிக் பாட்டையே எடுங்கள். சதுர அலையின் சுருதியை அந்தச் சிப் 11 பிட் எண்ணாக, அதாவது 0, 1 என்ற பதினொரு இலக்கமாக வைத்திருக்கிறது, 0 முதல் 2047 வரை, எண் கூடினால் சுருதி இறங்கும். அதில் மேல் மூன்று பிட்டைத் திரும்ப எழுதினால் அலை ஆரம்பத்திலிருந்து தொடங்கும், அப்போது 'டிக்' என்று ஒரு சொடுக்குக் கேட்கும். சாதாரணமாகப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை, சுருதியை அசைத்து ஒரு கமகம் கொடுக்கப் போனால் இடையில் டிக் என்று விழுந்து எல்லாம் கெட்டுவிடும், அதைத் தவிர்க்க என்னென்னவோ வழி தேடுவார்கள். இந்தத் தொல்லையையே எடுத்து, சுரத்தை முழுக்கத் தூக்கி எறிந்துவிட்டு, சொடுக்குகளை மட்டும் வைத்து ஒருவர் தாளம் கட்டுகிறார் என்றால், அவர் ஒன்றைத் தேடுகிறார். நீங்கள் உற்றுக் கேட்டால் முதல் நிமிடத்தில் பரவலாக விழுந்த சொடுக்குகள் இரண்டாவது நிமிடத்தில் நெருங்கி நெருங்கி வந்து, வினாடிக்கு இருபது, முப்பது என்று ஆகும்போது தனிச் சொடுக்குகள் மறைந்து ஒரு கட்டைக் குரல் சுரமாகவே மாறுவது கேட்கும். தாளம் எங்கே முடிந்து சுருதி எங்கே தொடங்குகிறது என்பதுதான் அங்கே கேள்வி. அது தெரிந்த பிறகு அந்தப் பாட்டை வெறும் சத்தம் என்று சொல்ல மனம் வராது.

இன்னொரு உதாரணம். உயர்ந்த சுரங்களில் இந்தச் சிப் நேர்த்தியாகச் சுருதி சேராது, ஏனென்றால் அங்கே அந்த எண் ஒரு படி மாறினாலே சுருதி அகலமாகத் தாவும். 3496 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு அத்தனை அதிர்வு) அடுத்த படி 3608 ஹெர்ட்ஸ், நடுவில் ஒன்றுமில்லை. வழக்கமான சுரவரிசைப்படி இருக்க வேண்டிய 3520 ஹெர்ட்ஸ் அந்த இடைவெளிக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். வழக்கமாக எழுதுகிறவர் அந்த உயரத்துக்குப் போகமாட்டார். பரிசோதிக்கிறவர் அங்கேதான் போவார், அந்தச் சிப் இயல்பாகத் தருகிற கோணல் சுரங்களையே ஒரு சுரவரிசையாக எடுத்துக்கொண்டு மெட்டுக் கட்டுவார். ஹார்மோனியத்துக்குப் பழகிய காதுக்கு முதலில் உறுத்தும், பிறகு பழகிவிடும்.

கொமடோர் 64இல் இதைவிடப் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. சிட் சிப்புக்கு மூன்று குரல்தான், பதிவு செய்த சத்தத்தை வாசிக்க அதற்கு வசதியே கிடையாது. ஆனால் மொத்தச் சத்த அளவை மாற்றும்போது பழைய 6581 வகைச் சிப்பில் ஒரு சின்னத் தட்டல் சத்தம் வரும். அது வடிவமைப்பில் இருந்த ஒரு குறை. அந்தச் சத்த அளவையே வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாற்றி, அந்தத் தட்டல்களைச் சேர்த்து, மனிதக் குரலையும் டிரம் சத்தத்தையும் கேட்க வைத்தார்கள். பின்னால் வந்த 8580 வகையில் குறையைத் திருத்தியதும் அந்தக் குரல்கள் அநேகமாகக் கேட்காமல் போய்விட்டன, திருத்தியதால் பாட்டுக் கெட்டது! யாரோ ஒருவர் இந்தக் குறையோடு விளையாடிப் பார்க்காமல் இருந்திருந்தால் அப்படி ஒரு வழி இருப்பதே தெரிந்திருக்காது. பரிசோதனைக்குப் போட்டிகளில் இடம் வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நிற்பது இதனால்தான்.

இனிப் பகிடி. பகிடிப் பாட்டு உங்கள் எதிர்பார்ப்பின் மேல் கட்டப்படுவது. உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும், ஒரு மெட்டோ, ஒரு கேமோ, போட்டிகளில் எல்லாரும் செய்கிற ஒரு வழக்கமோ, அதை நம்பி நீங்கள் காலை வைக்கும்போது நிலம் நழுவ வேண்டும். வீரமான தொடக்க இசை, பெரிய டிரம் உருட்டல், ஏதோ பிரம்மாண்டமாக வரப்போகிறது என்று நினைத்தால் ஒரு 'பீப்', பாட்டு முடிந்தது. இதற்கெல்லாம் போட்டிகளில் நீண்ட மரபு இருக்கிறது, வந்து சேருகிற பாட்டுகள் எல்லாம் சீரியஸாக மட்டும் இருந்தால் உட்கார்ந்து கேட்கிறவர்கள் களைத்துப்போவார்கள். நடுவில் ஒரு நல்ல பகிடி வந்தால் மண்டபமே நிமிர்ந்து உட்காரும்.

பகிடி சுலபம் என்று நினைக்கக் கூடாது. எங்கள் கண்ணகி அம்மன் கோயில் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரண்டு கட்சியும் ஒருவரை ஒருவர் வசைபாடுவது கேலிதான், ஆனாலும் சந்தம் தப்பினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான்.

இரண்டுக்குமான வித்தியாசத்தை ஒரே பொருளை வைத்துக் காட்டினால் லேசாக விளங்கும், அதற்கு எங்களிடம் கல்லடிப் பாலத்துப் பாடும் மீனைவிட நல்ல பொருள் ஏது? மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்தில் தோணிக்காரர் சவளை, அதாவது துடுப்பை, நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் அந்த ஓசையை, 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட், மீட்டிய தந்தியின் மெல்லிய அதிர்வோடும் ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வரும் நாதத்தோடும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். இதை அந்த ஐந்து குரல் சிப்பில் எப்படிக் கொண்டுவருவீர்கள்?

பரிசோதனையாகச் செய்கிறவர் இரண்டு சதுர அலைகளையும் எடுத்து, ஒன்றுக்கு 253 என்ற சுருதி எண்ணும் மற்றதுக்கு 254 என்ற எண்ணும் கொடுப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 440.4 ஹெர்ட்ஸ், இரண்டாவது 438.7. இரண்டும் சேரும்போது வினாடிக்கு இரண்டு தடவைக்குச் சற்றுக் குறைவாக ஒரு அலை எழுந்து எழுந்து அடங்கும், கிண்ண விளிம்புச் சத்தத்தின் அதே தளும்பல். கீழே முக்கோணக் குரல் ஒரு நீண்ட சுரம். ஆனால் முக்கோணத்துக்குத்தான் சத்த அளவு கிடையாதே, தண்ணீருக்குள் தூரத்தில் கேட்கிற மாதிரி அதை எப்படித் தணிப்பது? அதற்கொரு வழி இருக்கிறது, டிபிசிஎம் குரலின் வெளியீட்டு அளவை 0இலிருந்து 127க்கு மெதுவாக ஏற்றினால், சிப்புக்குள் சத்தங்கள் கலக்கிற விதத்தால் முக்கோணமும் இரைச்சலும் சற்று அமுங்கும். ஆக, தொடர்பே இல்லாத ஒரு குரலின் கதவைத் திறந்து இன்னொரு குரலைத் தாழ்த்துகிறார். இப்படி ஐந்து நிமிடம், மெட்டு என்று சொல்ல ஒன்றுமில்லை, தளும்பல் வேகம் மட்டும் மாறி மாறிப் போகிறது. முதல் தடவை கேட்கிறவருக்குச் சலிக்கலாம். ஹெட்போனைப் போட்டுக் கேட்டால் வாவி நடுவில் இருப்பார்.

பகிடியாகச் செய்கிறவர் என்ன செய்வார்? அதே தளும்பல், அதே அழகான தொடக்கம், இருபது வினாடி உங்களை நிலாவுக்குக் கூட்டிப்போவார். பிறகு அரை வினாடி மௌனம். அதற்குப் பிறகு இரைச்சல் குரலில் 'சுர்ர்ர்ர்' என்று தாச்சியில் எண்ணெய் கொதிக்கிற சத்தம். தலைப்பு 'பாடுமீன் பொரியல்'. முடிந்தது.

இரண்டுமே எனக்குப் பிடிக்கும், இரண்டுக்கும் ஒரே அளவு வேலை தேவைப்படலாம். அந்தச் சுர்ர் சத்தம் எண்ணெய் மாதிரிக் கேட்க, இரைச்சல் குரலின் பதினாறு படிகளில் சரியானதைத் தேடி, சத்த அளவை ஒழுங்கில்லாமல் துடிக்க விட வேண்டும், சீராக விட்டால் மழை மாதிரிக் கேட்கும், மழை வந்தால் பகிடி செத்துவிடும். அந்த அரை வினாடி மௌனம் ஒரு வினாடி ஆனாலும் செத்துவிடும். ஆனால் பகிடியின் வேலை சுர்ர் என்ற இடத்தில் முடிந்துவிடுகிறது. அடுத்த தடவை கேட்டால் சிரிப்பு வரலாம், புதிதாக ஒன்றும் தெரியவராது. பரிசோதனை இரண்டாவது தடவையில்தான் திறக்கும், முதல் தடவை தவறவிட்ட ஒன்று அதற்குள் இருக்கும். எனக்குத் தெரிந்தவரை இரண்டையும் பிரித்தறிய இதைவிட நல்ல சோதனை இல்லை: இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.

எல்லைக்கோட்டில் நிற்பவையும் வரும். முழுப் பாட்டும் மௌனம், ஒரு சுரமும் இல்லை என்று ஒருவர் அனுப்பினால்? 1952இலேயே ஜான் கேஜ் 4 நிமிடம் 33 வினாடி நேரத்துக்கு ஒன்றும் வாசிக்காத ஒரு படைப்பை மேடையேற்றிவிட்டார், மண்டபத்துக்குள் கேட்கிற தற்செயல் சத்தங்களைக் கேளுங்கள் என்று. அன்றைக்கு அது கேள்வி. இன்றைக்கு ஒரு காம்போவுக்கு ஒன்றுமில்லாத வெற்று ஃபைலை அனுப்புவது அந்தக் கேள்வியை ஞாபகப்படுத்துகிற பகிடி, அதுவும் பல பேர் செய்துவிட்ட பகிடி. ஆனால் ஒருவர் எல்லாக் குரல்களையும் மௌனமாக்கிவிட்டு, டிபிசிஎம் வெளியீட்டை மட்டும் மேலும் கீழும் தள்ளி அதில் வருகிற தட்டல்களால் ஒரு மூச்சு மாதிரி செய்தால், அது திரும்பவும் பரிசோதனைதான். பரிசோதனையாகத் தொடங்கிச் சிரிக்க வைப்பதும் உண்டு, செய்தவரே எதிர்பாராத இடத்தில். அதில் பிழை ஒன்றுமில்லை, அதை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையும் இல்லை.

மூன்றாவது ஒரு சாதி இருக்கிறது, அதை இந்த இரண்டோடும் சேர்க்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் கைக்கு வந்ததைத் தட்டி அனுப்பிவிட்டு, புள்ளி குறைந்ததும் 'அது பகிடிதானே' என்பது அல்லது 'உங்களுக்குப் பரிசோதனை விளங்காது' என்பது. கேட்கிறவர் தன் நேரத்தைக் கொடுக்கிறார், நடத்துகிறவர் ஒவ்வொரு கோப்பையும் திறந்து சரிபார்க்கிறார், அவர்களுக்கு இது அவமரியாதை. நல்ல பகிடிகளுக்கும் நல்ல பரிசோதனைகளுக்கும் கெட்ட பெயர் வருவது இதனால்தான், இதில் எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது.

வாக்களிக்கும்போது என்ன செய்வது? 'இதில் மெட்டு இல்லை' என்று பரிசோதனைக்குப் புள்ளி குறைக்காதீர்கள், அது கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டு, அதில் எவ்வளவு தூரம் போனது என்று பாருங்கள். கேள்வி நல்லது, ஆனால் முப்பது வினாடியில் கைவிட்டுவிட்டு மீதியை நிரப்பியிருக்கிறார் என்றால் தாராளமாகக் குறையுங்கள். பகிடிக்கு, சிரித்தீர்களா என்று பாருங்கள், சிரித்திருந்தால் அதைக் கட்டிய விதத்தையும் பாருங்கள். கஷ்டமான கேள்வி, மிக நேர்த்தியாகச் செய்த சாதாரண மெட்டுக்கும் வெடித்துச் சிரிக்க வைத்த பகிடிக்கும் நடுவில் எதற்கு முதலிடம் என்பது. என் பங்குக்கு, முதலிடத்தை மறுபடி கேட்கத் தோன்றுவதற்குத்தான் கொடுப்பேன், பகிடிக்கு நல்ல புள்ளி, கூடவே நான்கு நல்ல வார்த்தை. இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறைய, அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

நீங்களே செய்து பார்க்க ஆசை என்றால் செலவு ஒன்றும் கிடையாது. ஃபேமிடிராக்கர் என்ற இலவச மென்பொருள் பழைய விண்டோஸ் லப்டொப்பிலும் ஓடும், என்.எஸ்.எஃப் என்கிற அதன் பாட்டுக் கோப்புகள் பெரும்பாலும் சில கிலோபைட் அளவுதான், டேட்டா குறைந்த நேரத்திலும் அனுப்பலாம். எங்களிடம் பொருளுக்கும் பஞ்சமில்லை. இரைச்சல் குரலுக்கு இரண்டு விதம் இருக்கிறது, நீளமானதில் 32767 படிக்கு ஒரு தடவைதான் அது திரும்ப வரும், அதனால் காற்று மாதிரி, அலை மாதிரி இரையும். குட்டையானதில் 93 படிக்கு ஒரு தடவை திரும்ப வருவதால் ஒரு உலோகச் சாயல் ஏறிவிடும், அது கூத்தில் தட்டுகிற சல்லரித் தாளத்தின் சத்தத்துக்கு ஆச்சரியமாக நெருங்கி வருகிறது. அதோடு டிபிசிஎம்மில் ஒரு மத்தளத் தட்டைப் பதிந்து போட்டு, ஒரு வடமோடிக் கூத்துத் தாளக்கட்டை இந்தச் சிப்பில் ஓட விட்டால் என்ன ஆகும்? கூத்தை நடத்துகிற அண்ணாவியார் தாளத்தை முறுக்கி வேகம் ஏற்றுகிற அந்த இடத்தை, வினாடிக்கு அறுபது துடிப்பு என்ற ஒரே கணக்கில் ஓடுகிற பெட்டி தாங்குமா? அருமையான பரிசோதனை, யாராவது எடுத்துச் செய்யுங்கள்.

அனுப்பும்போது இரண்டு விஷயம். போட்டி விதியை முதலில் வாசியுங்கள், சிலவற்றில் நேர அளவு இருக்கும், சிலவற்றில் ஐந்து குரலுக்கு மேல் கூடுதல் சிப் சேர்க்க அனுமதி இருக்காது, வைல்ட் பிரிவு இருந்தால் உங்கள் சொடுக்குப் பாட்டை அங்கே போடுவது நல்லது. குறிப்பு எழுத இடம் கொடுத்திருந்தால், பரிசோதனை என்றால் இரண்டு வரியில் என்ன தேடினீர்கள் என்று சொல்லிவிடுங்கள், 'இரண்டு சதுர அலையின் தளும்பலை மட்டும் வைத்துச் செய்தது' என்ற அளவு போதும். பகிடி என்றால் ஒன்றும் சொல்லாதீர்கள், தலைப்பில்கூட. மேலே நான் 'பாடுமீன் பொரியல்' என்று எழுதினேன், உண்மையில் அனுப்புகிறவர் வெறுமனே 'பாடுமீன்' என்று போட்டிருந்தால் அந்தச் சுர்ர் சத்தம் இன்னும் பலமாக இறங்கியிருக்கும்.

அப்புறம், முக்கோணத்தை டிபிசிஎம்மால் அமுக்குகிற வித்தையைப் பயன்படுத்தினால் கோப்பை வேறு ஒன்றிரண்டு பிளேயர்களிலும் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள், எல்லா பிளேயரும் அந்தச் சத்தக் கலப்பை அசல் சிப்பைப் போலவே காட்டுவதில்லை.